வண்ணப்பூச்சுக்கு அடியில் இருக்கும் கட்டடம்: ஹெப்பகோடியின் வாடகைக் கட்டட உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹெப்பகோடியிலும் அதை ஒட்டிய பொம்மசந்திராப் பகுதியிலும் நான்கு முதல் பன்னிரண்டு குடித்தனங்கள் கொண்ட பழைய கட்டடங்களை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கு,

பெங்களூரு வட்டாரத்தில் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்யும்போது, அவர் முன்பு கொடுத்திருந்த அட்வான்ஸ் தொகையிலிருந்து ஒரு மாத வாடகையைப் ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட வழக்கம். சிறு வாடகைக் கட்டடங்கள் பலவற்றில் பராமரிப்புக்கென்று தனியே ஒதுக்கப்படும் பணம் இது ஒன்றுதான் என்பதால், இந்த வழக்கமே அக்கட்டடங்களின் பராமரிப்புக் கொள்கையாகவும் ஆகிவிட்டது. ஆள் மாறினால் மட்டுமே வேலை நடக்கும், பத்து ஆண்டுகள் ஒழுங்காக வாடகை கட்டி அதே வீட்டில் இருப்பவருக்கு எதுவும் நடக்காது. நடக்கும் வேலையும் வீடு பார்க்க வருபவரின் கண்ணில் படும் சுவரோடு முடிந்துவிடும், சுவருக்குள் ஓடும் மின்கம்பியையும் கூரைக்குள் கிடக்கும் இரும்புக்கம்பியையும் எட்டாது. பழைய கட்டடத்தை மேம்படுத்த நினைப்பவர் முதலில் மாற்ற வேண்டியது இந்த வரிசையைத்தான் என்பதே இம்மடல் முன்வைக்கும் கருத்து.

1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் மின்னணு நகரத்தை நிறுவியதிலிருந்தும், பொம்மசந்திராவில் தொழிற்பேட்டை வளர்ந்ததிலிருந்தும், ஓசூர் சாலையின் இரு பக்கத்துக் கிராமங்களிலும் விளைநிலங்கள் முப்பதுக்கு நாற்பது அடி மனைகளாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் எழுந்த கட்டடங்கள் பலவும் ஒரே மூச்சில் கட்டப்பட்டவை அல்ல. கிராமப் பஞ்சாயத்துக் காலத்து அனுமதியில் தரைத்தளம் கட்டி, அதைக் குடித்தனங்களாகப் பிரித்து வாடகைக்கு விட்டு, வந்த அட்வான்ஸையும் லீஸ் தொகையையும் (மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, காலக்கெடு முடிந்ததும் திருப்பித் தரும் போக்கிய முறை இது) வைத்து முதல் மாடியையும், பிறகு அதே வழியில் இரண்டாம் மாடியையும் எழுப்புவது இங்கு இயல்பாக இருந்தது. எனவே ஒரே கட்டடத்தில் மூன்று காலத்துக் கம்பி, மூன்று காலத்துக் குழாய், மூன்று மேஸ்திரிகளின் கைவேலை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதுண்டு. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ மஞ்சள் தடம் தொடங்கப்பட்டு, பயோகான் ஹெப்பகோடி என்ற பெயரில் ஒரு நிலையமும் திறக்கப்பட்டபின், இக்கட்டடங்களை உயர்ந்த வாடகைக்கு ஏற்றபடி மாற்றியமைக்கும் ஆவல் மிகுந்திருப்பது இயற்கையே.

ஆவலின் மறுபக்கத்தில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும், வடகர்நாடகத்திலிருந்தும், பீகார், ஒடிசா, அசாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் பெரும்பங்கினர். 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலையில் இறங்கியதும், அந்தக் கொந்தளிப்பு ஹெப்பகோடி காவல் நிலையம் வரை வந்ததும், மத்திய அரசு அந்தக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டதும் இவ்வூரார் அறிந்தவை. இத்தகைய குடும்பங்களில் பலவற்றுக்கு வைப்பு நிதிக்கு அடுத்த பெருஞ்சேமிப்பு, வீட்டு உரிமையாளரின் கையில் இருக்கும் அட்வான்ஸ்தான். அது உரிமையாளருக்கு வருமானம் அன்று, திருப்பித் தர வேண்டிய கடன். அந்தப் பணத்தில் மாடி எழுப்புபவர் கடன் வாங்கிக் கட்டுகிறார் என்பதே சரியான கணக்கு.

பராமரிப்புக் குறைவுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களைக் காரணம் காட்டும் வாதம் பழையது. மும்பையைப் பொறுத்தவரை அதில் உண்மையும் உண்டு. அங்கே 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையைப் பழைய அளவில் உறையவைத்ததால் உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதைக் கைவிட, 1969இல் தனிச் சட்டம் இயற்றி, பழுதுபார்ப்புக்கென ஒரு தீர்வையை வசூலித்து, அதற்கென ஒரு வாரியத்தையும் அரசு அமைக்க நேர்ந்தது. ஹெப்பகோடிக்கு அந்த வாதம் பொருந்தாது. கர்நாடக வாடகைச் சட்டம், 1999 அதன் முதல் அட்டவணை குறிப்பிடும் பெருநகரப் பகுதிகளில்கூட மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய கட்டடங்களுக்குச் செல்லாது. ஏனைய இடங்களில் அந்த வரம்பு 2,000 ரூபாய்தான். இன்றைய வாடகைகள் நடைமுறையில் சட்டத்தின் பிடிக்கு வெளியே, சந்தை தீர்மானிக்கும் அளவில் இருக்கின்றன. அதற்கும் மேலாக, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வீட்டு வாடகை வருமானத்தில் (உள்ளாட்சி வரியைக் கழித்தபின் நிற்கும் தொகையில்) 30 விழுக்காட்டை, உண்மையில் என்ன செலவானது என்று கேட்காமலே கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி கணக்கிட இடம் தந்தது. 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் இந்தக் கழிவைத் தொடர்கிறது. பழுதுபார்ப்பு முதலிய செலவுகளுக்கு ஈடாகவே இந்தச் சலுகை. அதைப் பெற்றுக்கொண்டு கூரையை ஒழுகவிடுவதற்கு எந்தப் பொருளியல் நியாயமும் கிடையாது.

செலவின் முதல் இடம் கூரைக்கு உரியது. கான்கிரீட் கூரைக்குள் இருக்கும் இரும்புக்கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், சிமெண்ட் தரும் கடுமையான காரத்தன்மை அதைச் சுற்றி ஒரு காப்பை உண்டாக்குவதுதான். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உட்புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அந்தக் குறைவு கம்பியை எட்டியபின் ஈரமும் சேர்ந்தால் துரு தொடங்குகிறது. துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், கம்பிக்குக் கீழே உள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளி விரிசலாக்கிப் பெயர்த்துவிடுகிறது. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய கான்கிரீட் படலம் கூரைகளில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். பழைய சிறு கட்டடங்களில் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் கட்டைகள் வைக்காமலே கான்கிரீட் போட்டிருந்தால், அந்த இடைவெளி சில இடங்களில் விரல் நகத்தின் தடிப்புக்கு மேல் இராது. குளியலறை, சமையலறை ஆகியவற்றின் மேற்கூரையில்தான் காரை முதலில் உதிரும்.

இதற்கு வழக்கமாகச் செய்யப்படுவது, உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் கலவையைப் பூசி மேலே வண்ணம் அடிப்பது. துருவேறிய கம்பியின்மேல் பூசிய கலவை, துரு தொடர்ந்து வளர்வதால் மறுபடியும் விழும். அடுத்த முறை குழந்தையின் தலையிலும் விழலாம். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருநீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, பாலிமர் சேர்த்த கலவையால் மூடுவதே முறையான பழுதுபார்ப்பு. பல அறைகளில் இந்நிலை இருந்தால் மேஸ்திரியின் கணிப்போடு நிறுத்திக்கொள்ளாமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்வது அவசியம். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் பெரும்பாலும் ஒரு வீட்டுக்குப் புது டைல்ஸ் போடும் செலவுக்குள் அடங்கிவிடும்.

உள்ளே வரும் ஈரத்தின் மூலம் மேலே, மொட்டை மாடியில் இருக்கிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்த மழைநீர்க் குழாய் வாய், நிரம்பி வழியும் சின்டெக்ஸ் தொட்டி, துணி துவைக்கும் கல் ஆகிய நான்கையும் பார்த்தாலே கசிவுகளில் பெரும்பகுதி விளங்கிவிடும். இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் பழைய தளத்தை எடுக்காமலே அதன்மேல் இன்னொரு சிமெண்ட் தளம் போடுகிறார்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் போடப்படும் கலவையின் எடை ஏறத்தாழ ஒன்பது டன். அந்த எடையை, ஏற்கெனவே துருவால் மெலிந்துவரும் கம்பிதான் தாங்க வேண்டும். பழைய தளத்தைப் பெயர்த்து, நீர் தேங்காத வாட்டம் கொடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சும் அதைக் காக்கும் மெல்லிய தளமும் போடுவது ஒருமுறை கூடுதல் செலவுதான், ஆனால் கூரையின் எடையைக் கூட்டாது. தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கணக்கு உண்டு: ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன் என்பதால், அதை அறையின் நடுக்கூரைமீது வைக்காமல் சுவரோ உத்தரமோ வரும் இடத்தில் வைக்க வேண்டும்.

புதிய மாடியைப் பற்றி ஒரே முடிவைத்தான் சொல்ல முடியும். அடித்தளம் எத்தனை மாடிக்குப் போடப்பட்டது என்பதைத் தாளில் காட்ட முடியாத கட்டடத்தின்மேல், தகரக் கூரை வீடே ஆனாலும் புதிதாக எழுப்பக் கூடாது. சுவரே சுமையைத் தாங்கும் கட்டடமா, தூண்களும் உத்தரங்களும் தாங்கும் கட்டடமா என்பதையே அறியாமல் அறையைப் பெரிதாக்க நடுச்சுவரை இடிப்பவர்களும் உண்டு. 2021 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு லக்கசந்திராவில் பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து விழுந்தது. மெட்ரோ கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கியிருந்த அக்கட்டடத்திலிருந்து அவர்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டதால் உயிர்கள் தப்பின. மறுநாளே டெய்ரி சர்க்கிள் அருகே பால் கூட்டமைப்பின் பழைய ஊழியர் குடியிருப்பு இடிந்தது. அக்டோபர் 7 அன்று கஸ்தூரி நகரில் இன்னொரு கட்டடம். 2024 அக்டோபர் 22 அன்று, மழைக்காலத்தின் நடுவே, பாபுசாபாளையாவில் அனுமதியை மீறி எழுப்பப்பட்டுவந்த கட்டடம் இடிந்து ஒன்பது பேர் இறந்தனர். விழுந்தவை அனைத்தும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விழுந்தவை என்பது கவனிக்கத்தக்கது. பெங்களூருவில் மழை மிகும் காலமும் அதுவே.

மின்சாரத்தில் உள்ள ஆபத்து கூரையைவிட அமைதியானது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டு குழல்விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி ஆகியவற்றை எண்ணிப் போடப்பட்ட கம்பியில் இன்று கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடுகின்றன. இரண்டும் தலா 2,000 வாட் என்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் போடும்போது 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. என்ற சுவிட்ச், இந்நிலையில் அடிக்கடி விழத்தான் செய்யும். அது கெட்டுவிட்டதாக எண்ணி அதைவிடப் பெரியதொன்றை மாட்டிவிடுவது எங்கும் நடக்கிறது. அதன்பின் சுவிட்ச் விழாது, சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறும். கம்பியின் தடிப்புக்கு ஏற்ப எம்.சி.பி. இருக்க வேண்டுமே தவிர, குடியிருப்பவரின் தேவைக்கு ஏற்ப அல்ல. கீசருக்கும் அடுப்புக்கும் தடித்த கம்பியில் தனித்தனி இணைப்பு இழுப்பதுதான் தீர்வு. எம்.சி.பி. கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. உடல் வழியாக மின்சாரம் தரைக்குக் கசியும்போது நொடிக்குள் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற மற்றொரு கருவி, 30 மில்லிஆம்பியர் அளவில், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனியே வேண்டும். எர்த் இணைப்புக் குழி உலர்ந்து பயனற்றுப்போயிருக்கிறதா என்பதையும் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

தனி மீட்டர் இல்லாத வீடுகளில் மின் இணைப்பைச் சீர்செய்ய இன்னொரு காரணமும் உண்டு. 2023இல் நடைமுறைக்கு வந்த கிருஹ ஜோதித் திட்டத்தில், மாதம் 200 யூனிட் வரம்புக்குள், முந்தைய சராசரிப் பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு தரப்படும் இலவச மின்சாரம் வாடகைக் குடியிருப்பவருக்கும் உரியது. ஒரே மீட்டரிலிருந்து ஆறு வீடுகளுக்குப் பிரித்துக்கொடுத்து, யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து வாங்கும் கட்டடத்தில் அந்த உரிமை குடியிருப்பவரை எட்டாது. மின் வழங்கல் நிறுவனமான பெஸ்காமில் தனித்தனி ஆர்.ஆர். எண் (மின் இணைப்பு எண்) பெற்றுத் தருவது, மேம்பாடு என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ள வேலை.

மீட்டர் பலகை பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அதே இடத்தில் இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, இப்போது மின்வண்டிக்குச் சார்ஜும் அங்கேயே போடப்படுகிறது. மேலே இருக்கும் எல்லாக் குடித்தனங்களுக்கும் வெளியேற அந்தப் படி ஒன்றே வழி. வண்டிகளையோ மீட்டர்களையோ அங்கிருந்து அகற்றுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது, மனம் வேண்டும். குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டுவதையும் இதோடு சேர்த்தே தடுக்க வேண்டும்: காற்றோட்டம் குறைந்த சிறு அறையில் எரிவாயு முழுமையாக எரியாமல் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது, குளிக்கப்போனவர் மயங்கி விழும்வரை யாருக்கும் தெரியாது. கருவியை வெளிச்சுவரில் மாட்டி வெந்நீரை மட்டும் குழாய்வழி உள்ளே கொண்டுவரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, மழைநீர்ச் சேகரிப்பைப் பற்றி மிகையான நம்பிக்கை பரப்பப்படுகிறது. ஆனேக்கல் வட்டத்தில் நிலத்தடி நீர் ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படுகிறது. 2024 கோடையில் பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் டேங்கர் தண்ணீருக்கு விலை வரம்பு விதிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்பது அந்த வரம்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில், ஆயிரம் சதுர அடிக் கூரையிலிருந்து, வீணாவது போக, ஏறக்குறைய 72,000 லிட்டர் சேகரிக்கலாம். இது பன்னிரண்டு டேங்கர் தண்ணீர்தான். ஆறு குடும்பங்கள், குடும்பத்துக்கு நால்வர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற தரஅளவில் கணக்கிட்டால் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமாக வரும். ஆகவே மழைநீர்ச் சேகரிப்பு செய்யத்தக்கதே என்றாலும், சுவரடியில் கொட்டி அடித்தளத்தை நனைத்துக்கொண்டிருக்கும் நீரை அப்புறப்படுத்துகிறது என்பதே சிறு கட்டடத்துக்கு அதனால் கிடைக்கும் பெரிய நன்மை. தண்ணீர்ச் செலவைக் குறைக்க விரும்புபவர், சம்ப் என்னும் நிலத்தடித் தொட்டியின் விரிசலையும், கடின நீரின் உப்புப் படிந்து உள்விட்டம் குறுகிய பழைய ஜி.ஐ. குழாய்களையும், ஓயாமல் ஒழுகும் ஃபிளஷ் தொட்டிகளையும் முதலில் கவனிப்பது நல்லது.

கழிவுநீர்க் குழாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேம்பர் மூடிகளைத் தளத்துக்கு அடியில் புதைத்துவிடாமல் திறக்கும்படி வைத்தால் போதும். ஆனால் செப்டிக் டேங்கிலோ சேம்பரிலோ பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இல்லாமல் மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது என்பதையும், அவ்வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் முப்பது லட்சம் ரூபாயாக உயர்த்தியது என்பதையும் ஒவ்வொரு உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டும். இயந்திர லாரி வர வழியில்லை என்பது ஏற்கத்தக்க சமாதானம் ஆகாது.

எதை முதலில் செய்வது என்பதில் சிங்கப்பூர் ஒரு முன்மாதிரியை வைத்திருக்கிறது. அங்கே பழைய அரசு அடுக்ககங்களுக்காக 2007இல் அறிவிக்கப்பட்ட வீட்டு மேம்பாட்டுத் திட்டம், வேலைகளை இன்றியமையாதவை, விருப்பத்துக்கு உரியவை என்று இரண்டாகப் பிரித்தது. கூரைக் கான்கிரீட் உதிர்வு, கழிவுக் குழாய் மாற்றம், மின்சுமைத் திறனை உயர்த்துதல் ஆகியவை முதல் பிரிவில் வந்தன. குடிமக்களுக்கு அவற்றின் செலவை முழுதாக அரசே ஏற்றது. கழிவறையைப் புதுப்பித்தல், புதுக்கதவு போன்றவை இரண்டாம் பிரிவில் வந்து, குடியிருப்பவர் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியவையாயின. செல்வச் செழிப்புள்ள அரசே கண்ணுக்குத் தெரியாதவற்றைத்தான் முதலில் எழுதியது.

செலவு யாருடையது என்ற கேள்விக்கு, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிய ஓசூரில் சட்டமே விடை சொல்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், 2021இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமும் தம் அட்டவணைகளில் வேலைகளைப் பிரித்துத் தந்திருக்கின்றன: கட்டமைப்புப் பழுது, குழாய் மாற்றம், மின்கம்பி, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னலுக்கு வண்ணம் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, அடைப்பு நீக்கல் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அதாவது ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று பிடிக்கப்படும் அந்த ஒரு மாத வாடகை, இந்த அட்டவணைகளின்படி உரிமையாளரே ஏற்க வேண்டிய செலவு. ஹெப்பகோடியை இவை கட்டுப்படுத்தவில்லை என்றாலும், பதினொரு மாத ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இதே பட்டியலை எழுதிக் கையெழுத்திடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பணத்துக்கு வழி எளிது. ஆள் போகும்போது ஒரு மாத வாடகையைப் பிடிப்பதற்குப் பதிலாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு வீட்டின் ஒரு மாத வாடகைக்குச் சமமான தொகையை உரிமையாளரே வங்கித் தொடர் வைப்பில் போட்டுவரலாம். எடுத்துக்காட்டாக, எண்ணாயிரம் ரூபாய் வாடகையில் ஆறு வீடுகள் என்றால் ஆண்டுக்கு 48,000 ரூபாய் சேரும். ஐந்து ஆண்டுகளில் வட்டி இல்லாமலே 2,40,000 ரூபாய். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் செய்ய அது போதாது; இந்த ஆண்டு கூரை, அடுத்த ஆண்டு இரண்டு வீடுகளுக்கு மின்கம்பி என்று முறைவைத்துச் செய்யப் போதும்.

இந்த வேலைகளுக்காகக் குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லத் தேவையில்லை. மின்கம்பி மாற்றத்தை வீடு வீடாகவும், கூரைப் பழுதை அறை அறையாகவும் செய்ய முடியும். பழுதுபார்ப்பைச் சாக்காக வைத்துப் பழையவர்களை அனுப்பிவிட்டு, மெட்ரோ வாடகைக்குப் புதியவர்களைக் கொண்டுவருவது பராமரிப்பு ஆகாது. மழை தொடங்குமுன், மார்ச் அல்லது ஏப்ரலில், மொட்டை மாடியையும் மீட்டர் பலகையையும் தகுதியுள்ள ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு, செய்யவிருக்கும் வேலையைக் குடியிருப்பவர்களுக்கு இரண்டு வாரம் முன்னதாகத் தெரிவித்து, வேலை நடக்கும் நாட்களுக்கு உரிய வாடகையைக் குறைத்து, அந்தக் குறைப்பை ரசீதில் எழுதியும் கொடுக்குமாறு உரிமையாளர்கள் அனைவரையும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.